அலை எத்தனை அடி? ரத்தம் எத்தனை கிராம்?

ரத்ததானம் செய்யப் போய் 'ரிஜெக்ட்' ஆன அனுபவம் உங்களுக்கு உண்டா சார்? எனக்கு உண்டு.

நண்பனின் ஆபீஸில் முகாம். பிஸ்கட்டும் ஜூஸும் தருவார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குள் சமூக சேவை உணர்வு பொங்கிவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வீரன் மாதிரி போய் உட்கார்ந்தேன். விரலில் ஒரு குத்து. நர்ஸ் மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஹீமோகுளோபின் 11தான் இருக்கு. ரத்தம் கொடுக்க 12.5 ஆவது வேணும். முதல்ல டாக்டரைப் பாருங்க."

லோன் கேட்டு ரிஜெக்ட் ஆனவன்தான் நான். தானம் கொடுக்கப் போய் ரிஜெக்ட் ஆனது அதுதான் முதல் தடவை! (பிஸ்கட் மட்டும் கொடுத்தார்கள்.)

டாக்டர் டெஸ்ட் எடுத்தார், இரும்புச்சத்து மாத்திரை எழுதினார், என் மெனுவைக் கேட்டார். காலையில் டீ, பதினோரு மணிக்கு டீ, பஜ்ஜி, மதியம் சாப்பாடு, கை கழுவியதும் இன்னொரு டீ, ராத்திரி பரோட்டா.

"காய், கீரை?"

"குருமாவுல பட்டாணி வரும் டாக்டர்..."

பி.காம். படித்தவன் நான். வரவே இல்லாமல் செலவு மட்டும் எழுதும் கம்பெனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமையே நண்பன் தன் ஊரான வீராம்பட்டினத்துக்கு அழைத்துப் போனான். அவன் அம்மா என்னைப் பார்த்ததும், "இன்னா தம்பி, இப்படி வெளுத்துப் போயிருக்க?" என்றார். மீட்டரே இல்லாமல்!

கடற்கரை மணலில் கீரை வருமா? வருகிறது. மீனுக்கு ஐஸ் போட்டு வந்த பழைய தெர்மாக்கோல் பெட்டிகளில் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மக்கிய சாணியும் நிரப்பி வைத்திருந்தார். கீரை விதை பொடியாக இருக்குமாம். ஒரு பிடி மணலோடு கலந்துதான் தூவ வேண்டுமாம். ஒரு மாதத்துக்குள் சிறுகீரை ரெடி. வாசலில் முருங்கை. அது மணலைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை.

மதியம் முருங்கைக்கீரைப் பொரியல், மத்திக் குழம்பு. இது ருசிக்காக மட்டும் சேர்ந்த ஜோடி இல்லை. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கூட மீன் இருந்தாலோ, எலுமிச்சை பிழிந்தாலோ அதிகம் எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதையும் கெடுத்துவிடும். என் மூன்று வருஷ டீ பில் கண்முன்னே ஓடியது!

சாப்பிட்டு முடித்ததும் நண்பன் ஊர்ப்பெருமை ஆரம்பித்தான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இந்த ஊர் மையத்தில் கடல் அலையின் உயரத்தை இன்டர்நெட்டில் பார்த்து, ஒலிபெருக்கியில் சொல்வார்களாம். பக்கத்து நல்லவாடில் 2004 சுனாமியன்று மைய ஒலிபெருக்கியில் வந்த எச்சரிக்கை பல உயிர்களைக் காப்பாற்றியது.

சரிதான். அலை எத்தனை அடி என்று காதில் விழுந்தால் படகைக் கரையில் வைக்கிறோம். ரத்தம் எத்தனை கிராம் என்று நமக்கு யார் மைக்கில் சொல்வது? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 பேருக்கு. 'அது லேடீஸ் சமாச்சாரம்' என்று திரியும் நம்மில் நாலில் ஒருத்தர்! பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கும் ஒரு பெட்டி மண்ணும் ஒரு பிடி விதையும் கொடுத்துப் பாடம் நடத்தினால் என்ன? சார்ட்டில் இருக்கும் கீரையை யாரும் தின்ன முடியாதே.

ஆடித் தேருக்கு வடம் பிடிக்க இந்த ஊருக்குக் கவர்னரே வருவார். கீரைக்குப் பாத்தி கட்ட நாம்தான் குனிய வேண்டும். என் மாடியில் இப்போது இரண்டு தெர்மாக்கோல் பெட்டி. மூன்று மாதம் மாத்திரை, கீரை, டீயில் சிக்கனம்.

போன வாரம் மறுபடி முகாம். 12.9! நெஞ்சை நிமிர்த்திப் படுத்தேன். இதுவரை 'நிர்வாகப் பொறுப்பு' என்று நழுவிக்கொண்டிருந்த நண்பனையும் பிடித்து உட்கார வைத்தேன்.

11.8.

விஷயம் அவன் அம்மாவுக்குப் போனது. "எனக்குத் தெரியும் தம்பி. நான் வைக்கிற கீரையைத் தட்டு ஓரமா ஒதுக்கி வெச்சிட்டுப் போறவன்தானே இவன்!"

வளர்ப்பது பாதிக் கணக்குதான் சார். தின்றால்தான் வரவு!