சட்டம் விலகியது, வாடகை வழிமறிக்கிறது!

நடிகவேள் எம்.ஆர்.இராதாவின் நாடகங்கள் வைதிகத்தின் அடித்தளத்தை உலுக்கின. பொறுக்குமா ஆதிக்கம்? 1954இல் வந்தது நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. விலங்கு உடைந்தது! ஆயினும் சேலத்து நெசவாளி மகனும் நாமக்கல் லாரித் தொழிலாளி மகளும் மேடையேறிவிட்டனரா? சட்டம் நின்ற வாயிலில் இன்று மண்டப வாடகை நிற்கிறது!

அந்நாளைய பாய்ஸ் கம்பெனிகளில் பிரம்படி இருந்தது, அதைப் போற்றோம். ஆனால் ஏழைச் சிறுவனுக்குச் சோறும் பயிற்சியும் மேடையும் ஓரிடத்தில் கிடைத்தன. அதனாலன்றோ நடிகர்கள் தோன்றினர்!

மேட்டூர்ப் பகுதி ஏர்வாடியில் களரி அமைப்பு கூத்துப்பள்ளி கண்டது. "புராணக் குப்பைக்குப் பள்ளியா?" என்று முகம் சுளிக்கின்றனர் நம்மவர் சிலர். கதையைக் கண்டியுங்கள், கலைஞனைக் கைவிடாதீர்கள்! விடிய விடிய ஆடும் அந்தக் கால்களுக்கும் கணீரென்ற குரலுக்கும் புதிய கதை தரவேண்டியவர் நாமல்லவா?

மக்கள் வரிப்பணத்தில் எழுந்த சமுதாயக் கூடங்கள் திருமணத்திற்குத் திறக்கின்றன. கலைக்கு ஏன் பூட்டு? முகூர்த்தமில்லா நாட்களிலேனும் ஒத்திகைக்கு இலவசமாகத் திறக்கச் சொல்லி ஊராட்சியை, நகராட்சியைக் கேளுங்கள். படிப்பகங்கள் தம் முற்றத்தை மேடையாக்கட்டும். தொழிற்சங்கங்கள் மொத்தமாகச் சீட்டு வாங்கட்டும். ஏழையும் காணத்தக்க விலையில் நாடகம் நடக்கட்டும்.

கைதட்டல் இனிது, அது உலை கொதிக்க உதவாது. காசு கொடுத்து நாடகம் பாருங்கள், கூடத்தின் பூட்டைத் திறந்துவையுங்கள்!