"பொறுத்துக்கோ" என்று இனி சொல்லாதீர்கள்



பணியில் இருந்தபோது நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை மாதம் இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டாள். வந்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து கிடப்பாள். "எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதானே, பொறுத்துக்கோ" என்றேன். என் அம்மா எனக்குச் சொன்னதும் அதுதான்.

தடுப்பூசி போட வந்த கிராம சுகாதார செவிலியர்தான் அவளைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். வலி எப்போது ஆரம்பிக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, வாந்தி வருகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் ஆகிறது? பத்தே நிமிடம். பிறகு அம்மாவை வரவழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். சாப்பிட்ட பின் போட ஒரு மாத்திரை, அடிவயிற்றுக்கு வெந்நீர் ஒத்தடம். அவ்வளவுதான். அடுத்தடுத்த மாதங்களில் அவள் லீவு போடுவது குறைந்தது.

அந்த நாட்களில் கருப்பையின் உள்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது அதிகமானால் கருப்பை இறுக்கிச் சுருங்கி வலிக்கிறது. மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. ஆனால் அல்சர், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் கேட்டுத்தான் போட வேண்டும். வலி வருடத்துக்கு வருடம் கூடினாலோ, மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ, உதிரப்போக்கு மிகுந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயாகவும் இருக்கலாம். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பது வைத்தியம் அல்ல.

2012-ல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கிடைக்கிறது. வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள். ஆனால் "வலிக்குதா?" என்று கேட்க ஆள் வேண்டாமா? கிராம செவிலியர்கள் மகப்பேறு உதவியும் படித்தவர்கள். பிள்ளைப்பேறுக்கும் தடுப்பூசிக்கும் மட்டும்தான் அவர்கள் என்று நாம் நினைத்துவிட்டோம். மாதம் ஒரு மணி நேரம், ஆண்கள் இல்லாத ஓர் அறையில், அவர்கள் நம் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்பது என் கருத்து.

ஏற்கெனவே சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அவர்களுக்கு ஓயாத வேலை. உண்மைதான். அதற்குக் காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்போம். பிள்ளைகளைப் பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

செவிலியர் பணியில் இருக்கும் என் மாணவிகளே, பள்ளிக்குப் போனால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அப்பாக்களே, வீட்டில் மகள் சுருண்டு படுத்திருந்தால் கண்டும் காணாமல் போகாதீர்கள்.

அந்தப் பிள்ளையும் இதைப் படிக்கலாம். அன்று நான் கேட்டிருக்க வேண்டும், அம்மா. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்