24 பிரிவுகளில் தொண்டருக்கு இடமில்லையா?

இந்தியாவுக்கு வர விசா கேட்கும் வெளிநாட்டவர் நிரப்ப வேண்டிய இணையப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் நாடு தவிர வேறு சார்க் நாடு எதற்காவது போனதுண்டா? உண்டு என்றால் எந்த நாடு, எந்த ஆண்டு, எத்தனை முறை என்று எழுத வேண்டும். டாக்காவில் இருக்கும் ஒரு தொண்டர், பழைய தொண்டு முகாம் தோழர்களைப் பார்க்கக் காத்மாண்டுவுக்கும் கொழும்புக்கும் போய்வந்திருந்தால் அதைத் தனியே கணக்குக் காட்டியாக வேண்டும். பாரிஸுக்குப் போனவரிடம் இப்படித் தனிக் கேள்வி எதுவும் இல்லை. அண்டை நாடுகளின் உறவுக்காக 1985 டிசம்பரில் டாக்காவில் தொடங்கிய அமைப்பின் பெயர், நம் விசாப் படிவத்தில் சந்தேகத்துக்கு உரிய பெயராகிவிட்டது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சார்க் நாடுகளுக்குள் விசா இல்லாமல் போய்வர ஒரு திட்டம் இருக்கிறது. 1988 இஸ்லாமாபாத் மாநாட்டில் முடிவாகி 1992இல் நடைமுறைக்கு வந்தது. நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், உயர் அதிகாரிகள், தொழிலதிபர்கள், பத்திரிகையாளர்கள், விளையாட்டு வீரர்கள் என்று 24 பிரிவினருக்கு அந்தச் சலுகை. நிலநடுக்கத்தில் இடிபாடு அகற்றியவருக்கும், வெள்ளத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றியவருக்கும் அதில் ஒரு பிரிவு கிடையாது. பத்திரிகையாளர்களாகிய நமக்கு இடம் கொடுத்த பட்டியலில் அவர்கள் இல்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம். 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் குடிமக்களுக்கு மற்றொன்று அந்தச் சலுகையையும் நிறுத்திவிட்டன.

1934இல் பீகார் நிலநடுக்கத்தில் ஊர்கள் தரைமட்டமானபோது, சுவிட்சர்லாந்திலிருந்து பியர் செரெசோல் கப்பலேறி வந்தார். சர்வதேசத் தொண்டர் இயக்கம் ஒன்றை நிறுவியவர் அவர். முசாபர்பூர் பக்கம் மண் சுமந்து வீடு கட்டிக்கொடுத்தார். அந்நியர் ஆட்சியில் ஐரோப்பியர் ஒருவருக்கு அது முடிந்தது. அமிர்தசரஸிலிருந்து லாகூர் சுமார் 50 கிலோமீட்டர்தான். அங்கிருக்கும் தொண்டரால் இங்கே வர முடியவில்லை.

கீதாவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேச்சும் செவிப்புலனும் இல்லாத சிறுமி; இந்தியா–பாகிஸ்தான் ரயிலான சம்ஜௌதா எக்ஸ்பிரஸில் தனியாக லாகூர் போய்ச் சேர்ந்தாள். கராச்சியில் ஈதி அறக்கட்டளை அவளை வளர்த்தது. அவள் கும்பிட இந்து தெய்வங்களின் படங்களையும் வாங்கி வைத்தார்கள். 2015 அக்டோபரில் அவளை டெல்லிக்கு அழைத்து வந்தவர்களில் அறக்கட்டளையின் தாயான பில்கீஸ் ஈதியும் இருந்தார். இரண்டு வெளியுறவு அமைச்சகங்களும் மனம் வைத்ததால் நடந்த பயணம் அது. கீதா ஏறிய அந்த ரயில் 2019 ஆகஸ்டில் நின்றது. கொல்கத்தா–டாக்கா மைத்ரீ எக்ஸ்பிரஸ் 2024 ஜூலையில் நின்றது.

பாதுகாப்பு என்று பதில் சொல்வார்கள். பஹல்காமில் 26 உயிர்கள் போயின. அந்தத் துயரம் நமக்கும் உண்டு, கொன்றவர்கள்மீது நமக்குக் கருணை இல்லை. ஆனால் 2008இல் மும்பையைத் தாக்கிய பத்துப் பேர் விசா வாங்கியா வந்தார்கள்? கடல் வழியே வந்தார்கள். அவர்களுக்காக முன்கூட்டியே உளவு பார்த்த டேவிட் ஹெட்லி அமெரிக்கக் கடவுச்சீட்டில் பலமுறை வந்துபோனார். முகவரி, தொலைபேசி எண், அழைப்பவரின் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடச் சம்மதிப்பவரைத் தடுத்து எந்த நாட்டைக் காப்பாற்றுகிறோம்?

மனம் இருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு நம் கரையே சாட்சி. பல பத்தாண்டுகள் கழித்து 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டது. சில நாளில் நின்றாலும் அடுத்த ஆண்டு மீண்டும் ஓடியது. நேபாள எல்லையில் இந்தியருக்கு விசாவே தேவையில்லை. இந்த நடைமுறைகளால் யாருக்கும் கேடு வந்துவிடவில்லை.

சார்க்கின் எட்டு அரசுகளும் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். விசா விலக்குப் பட்டியலில் 25ஆவது பிரிவாகப் பதிவுபெற்ற தொண்டு அமைப்புகளின் தொண்டர்களைச் சேர்க்க வேண்டும். பேரிடர்க் காலத்தில் ஒன்றாக உழைத்தவர்கள் மீண்டும் சந்திக்க, குறிப்பிட்ட ஊர்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு இல்லாத விசா தர வேண்டும். சார்க் பயணத்தைத் துருவும் அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து இந்தியா நீக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஏற்கெனவே கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். 65 வயது கடந்தவர்களுக்கு அட்டாரி–வாகா எல்லையிலேயே 45 நாள் விசா என்று 2012இல் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. 2013 ஜனவரி 15 அன்று தொடங்க இருந்ததை, எல்லையில் பதற்றம் என்று இந்தியா தள்ளிப்போட்டது. அன்று 65 வயதில் பெட்டி கட்டிக் காத்திருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கிவிட்டார்கள்.