வாசகர் வட்டங்களுக்கும் நூலக வரியில் பங்கு

கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் நடத்தும் நூல் விவாதங்களுக்கு மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் தனி நிதி ஒதுக்க வேண்டும். சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் அரங்க வசதியோடு திறக்கப்பட்டன; வரவேற்கத்தக்கதே. ஆனால், சிற்றூர்க் கிளைகளில் நாற்காலி வாடகையும் தேநீர்ச் செலவும் பெரும்பாலும் உறுப்பினர்களின் சட்டைப் பையிலிருந்தே போகின்றன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் மக்கள், தம் ஊர் நூலகத்தில் கூடிப் பேசவும் கையேந்த வேண்டுமா? வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நிலுவையின்றி ஒப்படைக்கட்டும். அதில் ஒரு பகுதி வட்டங்களுக்கென ஒதுக்கப்படட்டும். எந்த நூலைப் பேசுவது என்பதை வாசகர்களே முடிவு செய்வார்கள். அதில் அதிகாரிகளுக்கு வேலையில்லை.