புகையாத பேருக்கு லீவு!

ஆபீசில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். பக்கத்து மேஜைக்காரர் சிகரெட் பிடிக்க எழுந்து போவார். அந்தச் சமயம் பார்த்து அவருடைய டெலிபோன் மணி அடிக்கும். எடுத்துப் பதில் சொல்வது யார்? நீங்கள்தான்!

டோக்கியோவில் பியாலா என்று ஒரு கம்பெனி. ஆபீஸ் இருந்தது 29-வது மாடியில். புகை பிடிக்க அடித்தளத்துக்கு இறங்க வேண்டும். போய்வரக் கால் மணி நேரம். தினம் இரண்டு தடவை போனால், 16 நாளில் 8 மணி நேரம், அதாவது ஒரு முழு நாள் வேலை, புகையாகப் போய்விடும். 'இது நியாயமா?' என்று புகைக்காத ஒருவர் யோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டார்.

அதிபர் தகாவோ அசுகா புகைப்பவர்களின் சம்பளத்தில் கை வைக்கவில்லை. 2017-ல், புகைக்காதவர்களுக்கு வருஷத்தில் 6 நாள் சம்பளத்துடன் அதிகப்படி லீவு கொடுத்தார். அதைப் பார்த்து நாலு பேர் சிகரெட்டையே விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

நம் நாட்டிலோ 2008 அக்டோபர் 2 முதல் ஆபீசுக்குள் புகைப்பதற்கே தடை. சிகரெட் வாசலுக்குப் போயிற்று; கூடவே வேலை நேரமும் போயிற்று. அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தவருக்கு என்ன கிடைத்தது? சட்டம் இதைக் கேட்காது. மானேஜர்தான் கேட்க வேண்டும்!