ஆழம் அறிந்து இரையை இறக்குக

நம் மாரிகுப்பத்துத் தாயார் ஒருவரின் கடிதம் இத்திங்கள் நமக்குக் கிடைத்தது. கனடாவில் ஒண்டாரியோ ஏரிக்கரையில் குடியேறியுள்ள அவர் மகன், கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் படகேறித் தூண்டில் போடுகிறாராம். படகை மெல்லச் செலுத்திக்கொண்டே இரையைப் பின்னால் இழுத்துச் செல்லும் முறை அது. இரையை ஆழத்தில் அமிழ்த்தும் கருவிகளுள் எதை வாங்குவது என்பது மகனின் வினா. அனைவரும் நலமே கரை திரும்ப வேண்டுமே என்பது தாயின் கவலை. இரண்டிற்கும் இங்கே விடை கூறுவோம்.

பேத்தமங்கலம் ஏரியில் தக்கையும் ஈயக்குண்டும் கட்டித் தூண்டில் போட்டவர்க்கு ஆழம் பெரிய வினா அன்று. ஒண்டாரியோ ஏரியின் மிகுந்த ஆழமோ ஏறத்தாழ 244 மீட்டர். கோடையில் அதன் மேல்நீர் சூடேறி இலேசாகி மேலே நிற்க, குளிர்நீர் கீழே தங்கிவிடுகிறது. சால்மனும் ஏரி டிரவுட்டும் குளிர்நீரை நாடுபவை. டிரவுட் 10 பாகை செல்சியஸ் அளவுள்ள நீரை விரும்பும். ஆதலின், மீன் நிற்கும் ஆழத்திற்கே இரையைக் கொண்டு செல்லுதல் வேண்டும். அதற்குரிய கருவிகள் மூவகை.

முதலாவது ஈயக்குண்டு. விலை குறைவு, ஆயினும் படகு விரைந்தால் நீரின் எதிர்ப்பு நரம்பை மேலே தூக்கிவிடும். முப்பது மீட்டர் நரம்பு விட்டதனால் இரை முப்பது மீட்டர் ஆழத்தில் உள்ளது என எண்ணுதல் பிழை. மேலும், நீர்ப்பறவைகள் ஈயத்தை விழுங்கி மடிவதால், 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளைக் கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997-ஆம் ஆண்டில் தடை செய்தனர்.

இரண்டாவது மூழ்குதட்டு. கையகலமுள்ள இவ்வட்டத் தட்டு நரம்பில் சாய்வாக நிற்கும். பட்டம் காற்றில் மேலேறுவதுபோல, இது நீரின் மோதலால் கீழிறங்கும். மீன் கவ்வியதும் இதன் பிடி விடுபட்டுச் சாய்வு நீங்கும். நரம்பைச் சுருட்டுவது எளிதாகும். இடப்புறமோ வலப்புறமோ விலகி ஓடுமாறு திருப்பக்கூடிய தட்டுகளும் உண்டு. மெல்லிய நரம்பு பூட்டினால் இன்னும் ஆழம் செல்லும்.

மூன்றாவது, தனி எஃகுக் கம்பியில் 4 அல்லது 5 கிலோ எடைக் குண்டை இறக்கும் உருளைக் கருவி. தூண்டில் நரம்பைக் குண்டின் அருகே ஒரு கவ்வியில் மாட்டியிருப்பர். மீன் இழுத்ததும் நரம்பு விடுபட்டுவிடும். இறங்கிய கம்பியின் அளவை எண்காட்டி காட்டும். 2001-இல் மூடப்பட்ட நம் சுரங்கங்களில், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்த சாம்பியன் ரீப் உட்பட, கூண்டை இறக்கியவர்கள் ஆழங்காட்டியைப் பார்த்தே நிறுத்தினார்கள் அன்றோ? ஒரு வேறுபாடு உண்டு. படகு ஓடும்போது கம்பி பின்னால் சாயும். ஆகவே எண்காட்டி உண்மை ஆழத்தினும் மிகுத்தே காட்டும்.

சிறு படகில் தொடங்குவோர்க்கு மூழ்குதட்டே போதும். வாரந்தோறும் ஆழ்நீருக்குச் செல்பவர் மூன்றாவதை வாங்கலாம். தட்டை முதலில் சோதித்தறிக: 10 மீட்டர் ஆழமென்று தெரிந்த மணற்பாங்கான இடத்தில், மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் படகைச் செலுத்தி, தட்டு தரையைத் தொடும்வரை நரம்பை விட்டு, அந்நீளத்தை ஏட்டில் குறித்துக்கொள்க. இரையை மீனுக்குச் சற்று மேலே நிறுத்துக; மீன் மேல்நோக்கி எழுந்து கவ்வும் இயல்புடையது.

இனித் தாயாரின் கவலைக்கு வருவோம். கனத்த குண்டு அடியில் சிக்கினால், ஓடும் சிறு படகின் பின்புறம் தாழ்ந்து நீர் புகக்கூடும். உடனே படகை நிறுத்துக. விடுபடாவிடில் கம்பியை வெட்டி விடுக. வெட்டும் குறடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குண்டு போனால் வேறு வாங்கலாம். கோடையிலும் அவ்வேரியின் நீர் கைகால்களை விறைக்கச் செய்யவல்லது; நீந்தத் தெரிந்தவரும் பிள்ளைகளும் மிதவைச் சட்டையைப் படகேறுமுன் அணிதல் வேண்டும்.

பிடித்த மீனைச் சமைக்குமுன் அளந்து பார்க்கவும் சொல்லுக. பெரிய, முதிர்ந்த மீன்களில் பாதரசமும் வேறு நச்சுப் பொருள்களும் சேர்ந்திருக்கலாம். எந்த ஏரியின் எந்த மீனை, எவ்வளவு நீளமாயின், திங்களுக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று ஒண்டாரியோ அரசு கையேடு வெளியிடுகிறது. கருவுற்றோர்க்கும் சிறுவர்க்கும் அதில் தனி அளவு உண்டு. அதைப் பார்த்த பின்னரே குழம்பு கொதிக்கட்டும்!