எட்டயபுரத்தில் ஒரு பகல்

"ஊர் பார்த்து வரப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், "எந்த ஊர்?" என்று கேட்பது நம் வழக்கம். காசி, ஆக்ரா, மைசூர் என்று பதில் வந்தால் மகிழ்ச்சியடைகிறோம். கடல் கடந்த ஊரின் பெயர் வந்துவிட்டாலோ, பொறாமையை மறைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக மகிழ்ச்சியடைகிறோம். ஆனால், "விளாத்திகுளம் பக்கம் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "அடடா! அங்கே யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றுதான் அடுத்த கேள்வி பிறக்கும்.

அந்தப் பக்கத்து மக்களும் இந்த விஷயத்தில் நமக்கு உதவி செய்வதில்லை. விளாத்திகுளத்துத் தேநீர்க் கடை ஒன்றில், "அண்ணாச்சி, இந்த வட்டாரத்தில் பார்க்கத்தக்கது என்ன உண்டு?" என்று விசாரித்தபோது, கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை அப்படியே நிறுத்திவிட்டு, "இங்க என்ன இருக்கு சார்? கரிசக்காடும் சீமைக்கருவையுந்தான். சாமி கும்பிடணும்னா திருச்செந்தூர் போங்க, குளிக்கணும்னா குத்தாலம் போங்க" என்று வழி சொன்னார். அவருடைய அடக்கத்தை மெச்ச வேண்டியதுதான். ஆனால் நம்ப வேண்டியதில்லை.

முதலில் அந்தக் கரிசல் காட்டையே எடுத்துக்கொள்வோம். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, காலை உள்ளே விட்டால் முழங்கால் வரை போய்விடுமோ என்று அஞ்சும்படி கிடக்கும் நிலம் அது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டாலோ, அதே மண் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பருத்தியையும் கம்பையும் உளுந்தையும் மல்லியையும் மிளகாயையும் வளர்த்துக் கொடுக்கிறது. வைப்பாறு இவ்வூரைத் தொட்டுக்கொண்டு கடலை நோக்கிச் செல்கிறது. பெரும்பாலான மாதங்களில் அதில் தண்ணீரைவிட மணலே அதிகம். இத்தகைய வறண்ட பூமியில் சங்கீதம் எங்கே விளையும் என்று எண்ணுகிறவர்கள், விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகளைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டால் பொழுது போவதே தெரியாமல் ஆலாபனை செய்யக்கூடியவர் என்று இந்தப் பக்கத்தார் இன்றும் அவரைப் போற்றுகிறார்கள்.

இனி, விளாத்திகுளத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 12 மைல் தூரம் பஸ்ஸில் செல்வோம். கோவில்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கி வருகிறவர்களுக்குக் கிழக்கே 10 மைல். வந்து சேருமிடம் எட்டயபுரம்.

சனிக்கிழமையன்று போகிறவர்கள் பாக்கியசாலிகள். அன்றுதான் எட்டயபுரத்து ஆட்டுச் சந்தை. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து ஆடுகளும், அவற்றின் பின்னே மனிதர்களும் வந்து குவிகிறார்கள். ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பதும், பல்லைப் பிடித்துப் பார்ப்பதும், விலை படியாமல் பத்தடி நடந்து போய்த் திரும்பி வருவதும் பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. வேறு எந்த நாடகத்திலும் நடிகர்கள் இவ்வளவு உண்மையாகக் கோபித்துக்கொள்வதில்லை. இவ்வளவு சீக்கிரத்தில் சமாதானமாவதும் இல்லை.

சந்தையைத் தாண்டி ஊருக்குள் சென்றால் அரண்மனை. பழைய எட்டயபுரம் சமஸ்தானத்தின் அதிபதிகள் வாழ்ந்த மாளிகை இது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் ஜமீன் முறை ஒழிந்தது. குடிகளுக்கு அது விடுதலை. ஆனால் ஜமீனை நம்பியிருந்த கட்டடங்களுக்குத் தாங்குவார் இல்லாமற் போயிற்று. இப்போது அரண்மனையின் பல பகுதிகள் சிதைந்து கிடக்கின்றன. சுவரில் முளைத்த செடி வேரோடி விட்டால், அதற்கு ராஜாவும் ஒன்றுதான், பிரஜையும் ஒன்றுதான்.

இந்த அரண்மனையின் முன் நிற்கும்போது தேசபக்தர்களுக்கு மனம் சற்றுச் சங்கடப்படும். வீரபாண்டிய கட்டபொம்மன் கும்பெனியாரை எதிர்த்த காலத்தில், எட்டயபுரம் கும்பெனியார் பக்கமே நின்றது. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் அவருடைய தம்பி ஊமைத்துரையின் போரும் முடிந்து, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

ஆனால் சரித்திரத்துக்கு ஒரு விசித்திரமான நகைச்சுவை உண்டு. அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு வீட்டில், 1882 டிசம்பர் 11-ஆம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சுப்பையா என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்தக் குழந்தைக்கு, எட்டயபுரம் சபையிலேதான் சிறு வயதில் "பாரதி" என்ற பட்டம் கிடைத்தது. கும்பெனியாருக்குத் துணை நின்ற ஊர், அந்த ஆட்சியையே ஆட்டிவைக்கும் பாட்டுக்காரரைப் பெற்று, பட்டமும் கொடுத்து அனுப்பியது! பாரதியாரின் தகப்பனார் சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை நிறுவி, அதில் கைப்பொருளை இழந்தவர். கரிசல் பருத்தியை அந்நியர் ஆலைகளே விழுங்குவானேன் என்ற கேள்வி, பாரதியார் வீட்டில் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. அடுப்பங்கரை வரை வந்த கேள்வியாக இருந்தது. ஜமீன் வாழ்வின் ஆடம்பரங்களை அவர் எவ்வளவு கூர்ந்து கவனித்திருந்தார் என்பதைச் "சின்னச் சங்கரன் கதை" படித்தவர்கள் அறிவார்கள்.

அந்த வீடு இப்போது அரசாங்கத்தின் நினைவு இல்லம். அதன் மேற்கூரையின் ஒரு பகுதி 2025-ஆம் ஆண்டில் இடிந்து விழுந்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது நம்மில் பலர் "ஐயோ!" என்றோம், பிறகு அடுத்த செய்தியைப் படிக்கப் போனோம்.

ஊரில் உள்ள பாரதி மணிமண்டபத்தின் கதையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் கல்கி பத்திரிகை மூலமாக வேண்டுகோள் விடுத்தார். தமிழ்க் குடும்பங்கள் தங்களால் இயன்றதை அனுப்பின. 1945 ஜூன் மாதத்தில் ராஜாஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். 1947 அக்டோபரில், தேசம் சுதந்திரமடைந்த இரண்டாவது மாதத்தில், அவரே மண்டபத்தைத் திறந்துவைத்தார். வாசகர்களின் பணத்தில் ஒரு கவிஞருக்கு எழுந்த மண்டபம் அது.

பாரதியார் வீட்டோடு திரும்பிவிடுகிறவர்கள் பாதி எட்டயபுரத்தைக்கூடப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள். முத்துசுவாமி தீக்ஷிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளியன்று இவ்வூரிலேதான் உயிர் நீத்தார். அவருடைய சமாதி இங்கே இருக்கிறது. வறண்டு கிடந்த கரிசல் பூமியைக் கண்டு மனம் இரங்கி அவர் அமிர்தவர்ஷினி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்பது கர்ண பரம்பரைக் கதை. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் சித்திரை வெயிலில் இந்தப் பூமியைக் கண்டவர்கள், இந்தக் கதை ஏன் இங்கே பிறந்தது என்று கேட்கமாட்டார்கள். தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி, நமது சங்கீதத்துக்குப் பிடிலைக் கொண்டுவந்தவர். இந்தச் சமஸ்தானத்தின் வித்துவான். அவர் வழி வந்த சுப்பராம தீக்ஷிதர், "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்னும் மாபெரும் நூலைத் தெலுங்கு லிபியில் எழுத, 1904-இல் அது இவ்வூர் அச்சுக்கூடத்திலேயே அச்சாயிற்று. தீக்ஷிதரின் 200-க்கும் மேற்பட்ட கீர்த்தனங்கள் ஸ்வரக் குறிப்புடன் நமக்குக் கிடைத்தது அதனால்தான். அதே 1904-இல் பாரதியார் மதுரைக்குச் சென்று தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே சென்னைக்குச் சென்று "சுதேசமித்திர"னில் சேர்ந்தார்.

அடுத்துக் காண வேண்டியது உமறுப் புலவரின் அடக்கத்தலம். நபி நாயகத்தின் வரலாற்றைச் "சீறாப்புராண"மாகத் தமிழில் பாடிய பெரும் புலவர் அவர். எட்டயபுரத்துச் சமஸ்தானப் புலவரான கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். ஹிந்து ஆசிரியர், முஸ்லிம் மாணவர். இருவருக்கும் தாய் தமிழ். 2007-இல் அவருக்கும் இவ்வூரில் மணிமண்டபம் எழுந்தது.

இந்த இடத்தில் தூர தேசத்து ஊர் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவின் பால்கன் பிரதேசத்தில், போஸ்னியா நாட்டில், மோஸ்தார் என்ற பழைய நகரம் இருக்கிறது. துருக்கியர் ஆட்சியில் 1566-இல் கட்டி முடிந்த அழகிய கல் பாலம் ஒன்று அங்கே ஆற்றின் குறுக்கே நின்றது. பல மதத்தாரும் நடந்து பழகிய அந்தப் பாலத்தை 1993 நவம்பரில் யுத்தத்தின் பீரங்கிகள் வீழ்த்தின. பிறகு என்ன செய்தார்கள்? பழைய முறைப்படியே கல்லைச் செதுக்கி மறுபடியும் பாலத்தைக் கட்டி, 2004-இல் திறந்தார்கள். இன்று உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் யாத்திரிகர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். பாலத்தின் உச்சியிலிருந்து இளைஞர்கள் ஆற்றில் குதிப்பதைக் கண்டு வாயைப் பிளக்கிறார்கள்.

மோஸ்தாரின் பாலத்தை வீழ்த்தப் பீரங்கி வேண்டியிருந்தது. நமது ஊர்களில் அவ்வளவு செலவு தேவையில்லை. பத்து வருஷத்து மழையும், "இங்கே என்ன இருக்கிறது?" என்ற ஒரு வாக்கியமும் போதும்.

ஆகையால் நேயர்களே, இந்த விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எட்டயபுரத்துக்கு ஒரு முழுப் பகலாவது சென்று வாருங்கள். டிசம்பர் மாதம் உத்தமம். வெயில் தணிந்திருக்கும், கரிசலும் பசுமை பூத்திருக்கும். செப்பனிடும் வேலை நடக்கக்கூடுமாகையால் நினைவு இல்லம் திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. அரண்மனைப் பக்கம் உரியவர்களின் அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம். பொழுது இருந்தால் தெற்கே வ. உ. சிதம்பரனார் பிறந்த ஒட்டப்பிடாரத்தையும், அதன் அருகே பாஞ்சாலங்குறிச்சியையும் பார்த்துவிடலாம். திரும்பும்போது கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க மறந்தால் வீட்டில் மன்னிப்புக் கிடைக்காது; 2020 முதல் அதற்குப் புவிசார் குறியீடு என்ற கௌரவமும் சேர்ந்திருக்கிறது.

பார்த்து வந்த பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். எந்தச் சுவர் விரிந்திருக்கிறது, எந்தக் கூரை ஒழுகுகிறது என்பதை உரிய அதிகாரிகளுக்கு ஒரு கடிதமாக எழுதிப் போடுங்கள். குழந்தைகளையும் எழுதச் சொல்லுங்கள். 1945-இல் நம் பாட்டன் பாட்டிமார் மணிமண்டபத்துக்குப் பணம் அனுப்பியபோது, அவர்களில் பலர் எட்டயபுரத்தைக் கண்ணால் கண்டதில்லை. நமக்கோ வாசலில் பஸ் வந்து நிற்கிறது.